சென்னியப்பன் நெஞ்சிலிருந்த பல்லி

வெள்ளரளிப்பாளையத்துப் பல்லிகளெல்லாம் சுவரை விட்டிறங்கி ஆட்களின் நெஞ்சுக்குள் குடிபோனது ஒரு வைகாசி மாதத்து வியாழக்கிழமை, காலை இட்லிக்கும் மதியச் சோற்றுக்கும் நடுவில். அதற்கு முன்பு அந்த ஊரில் பெண் எடுப்பதோ கொடுப்பதோ, கிணறு வெட்டுவதோ, மகனை வெளியூருக்குப் படிக்க அனுப்புவதோ, எந்தக் காரியமானாலும் செல்லாண்டியம்மன் கோயிலில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்து பல்லி வாக்குக் கேட்பதுதான் வழக்கம்; கேட்டவருக்கு வலது கைப்பக்கம் பல்லி சத்தம் கொடுத்தால் செய்யலாம், இடது கைப்பக்கம் கொடுத்தால் வேண்டாம், சத்தமே வராவிட்டால் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடியும் உட்காரலாம். அன்றைக்கு, மருமகளைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்டு மூன்றாவது நாளாக உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்துக்கு முன்னால், விளக்குக்கு எண்ணெய் ஊற்றக் குனிந்த பூசாரி வெள்ளியங்கிரியின் வெற்று மார்புக்குள்ளிருந்து, வலது பக்கமாக, ச்சு ச்சு ச்சு என்று சத்தம் வந்தது. "உத்தரவு ஆயிருச்சுங்க சாமி," என்று அந்த வீட்டுப் பெரியவர் கும்பிட்டு எழுந்தார். எங்கிருந்து ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. மாமியாரும் கேட்கவில்லை. மருமகள் மட்டும் பூசாரியின் மார்பைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று சொல்லி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் ஊரில் பல்லியில்லாத நெஞ்சு இல்லை, பல்லியுள்ள சுவர் இல்லை. முதல் இரண்டு நாள் எல்லோரும் மார்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள், மூன்றாம் நாள் பழகிவிட்டது. காதர் பாய் டீக்கடையில் "டீயா, காப்பியா?" என்று கேட்டுவிட்டுக் காதைக் கொஞ்சம் சாய்த்தார். பெண் பார்க்கப் போன வீடுகளில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, பஜ்ஜியைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, பெண்ணின் நெஞ்சும் மாப்பிள்ளையின் நெஞ்சும் என்ன சொல்கின்றன என்று இரண்டு வீட்டாரும் மூச்சை அடக்கிக் கேட்டார்கள். சீட்டாட்டம் நின்றுபோனது, கையில் வந்த சீட்டைப் பல்லி காட்டிக்கொடுத்துவிட்டது. எழவு வீட்டில் "நல்ல மனுசன் போயிட்டாரே" என்று ஒருத்தி ராகம் இழுக்க, அவள் இடப்பக்கம் அது வேறு மாதிரிச் சொல்ல, பக்கத்தில் கட்டிப்பிடித்து அழுதவள் சிரிப்பை முந்தானையில் அமுக்கிக்கொண்டாள். கோயிலுக்கு ஆள் வருவது குறைந்ததும் பூசாரி வெள்ளியங்கிரி டீக்கடைப் பெஞ்சுக்கு மாறி, "எல்லாருக்கும் ஆத்தா உள்ளயே வந்து உக்காந்துட்டா, இனி எனக்கு என்ன சோலி?" என்று பேப்பர் படிக்க ஆரம்பித்தார்.

ஆனாலும் அது சொன்னதை யாரும் முழுசாக நம்பினார்கள் என்று சொல்ல முடியாது. ஏப்பம் மாதிரி, விக்கல் மாதிரி அதையும் ஒன்றாக வைத்திருந்தார்கள். நம்ப ஆரம்பித்தது ஆடி மாதத்தில். நம்ப வைத்தவன் சென்னியப்பன்.

சென்னியப்பன் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போகவேண்டும் என்று பார்ப்பதும், டிரைவர்கள் டீக்கடையிலிருந்து எழாவிட்டால் விசில் ஊதுவதும் அவன் வேலை. நாற்பத்தாறு வயது, அதிகம் பேசாதவன். இருபது வருஷம் வண்டிகளைப் பார்த்து நின்றதில் பேசவேண்டியதெல்லாம் விசிலிலேயே முடிந்துபோயிருந்தது. ஆடி கடைசி ஞாயிறு, பங்காளி வீட்டுக் கெடாவெட்டுக்குப் போக வேன் பிடித்திருந்தார்கள். அண்ணன் குருநாதன் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டான். சென்னியப்பன் படியில் ஒரு கால் வைத்தபோது அவன் இடது நெஞ்சில் பல்லி அடித்தது. சும்மா சொல்லவில்லை, சட்டைப் பொத்தான் ஆடும்படி அடித்தது. காலை எடுத்துவிட்டான்.

"என்றா, கெடாக்கறி வேண்டாமா உனக்கு?" என்று குருநாதன் உள்ளிருந்து சிரித்தான்.

"இடப்பக்கம் சொல்லுதுண்ணா."

"அது உன்ற பொண்டாட்டி தேடறாளுன்னு சொல்லுது போ. ஏறுடா."

அவன் ஏறவில்லை. ரேஷன் கடையில் எடை போடும் நாட்ராயன், சென்னியப்பன் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, வெற்றிலை துப்புகிற மாதிரி இறங்கி, அப்படியே நின்றுகொண்டான். வேன் நாலு மைல் தாண்டி வாய்க்காலில் விழுந்தது. குருநாதனும் இன்னும் எட்டுப் பேரும் போனார்கள். ஊர் ஓடிப்போய்ப் பார்த்தபோது கரையில், ஈரக் கல் மேல், ஒன்பது பல்லிகள் வரிசையாக உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

அதற்குப் பிறகுதான் ஊருக்குள் 'சொன்ன நெஞ்சு' என்ற பேச்சு வந்தது. எல்லார் நெஞ்சிலும் பல்லி இருக்கிறது, ஆனால் சென்னியப்பனுடையது சொன்ன நெஞ்சு, சொல்லி நடந்த நெஞ்சு. இரண்டு பல்லிகள் மாற்றிச் சொன்னால் சொன்ன நெஞ்சுக்குத்தான் கட்டுப்பட வேண்டும் என்று யாரும் கூடிப் பேசாமலேயே முறையாகிவிட்டது. நாட்ராயன் காலையில் கடை திறக்கப் போகும்போதும் டைம் ஆபீஸ் ஜன்னலருகே ஒரு நிமிஷம் நின்று, வாயால் ஒன்றும் கேட்காமல், காதால் கேட்டுவிட்டுப் போனான். சென்னியப்பனுக்கு அண்ணனை இழுத்து இறக்கியிருக்கலாமே என்கிற நினைப்பு மட்டும்தான் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

புரட்டாசியில் அவன் மனைவி துளசிமணிக்கு மூச்சு வாங்கியது. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தால் வாங்கியது, வைக்காமல் சும்மா நின்றாலும் வாங்கியது. பல்லி கொழுத்திருக்கும் என்றார்கள் ஊர்ப் பெண்கள்; எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்து, அது இளைத்தால் உனக்கும் மூச்சு வரும் என்றார்கள். துளசிமணி இரண்டு வாரம் கஞ்சி குடித்துப் பார்த்தாள். பிறகு அவளே பஸ் ஏறி, அவனையும் ஏற்றி, கோயமுத்தூருக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "உங்க ஊர் ஆளுங்க வந்தா இந்தப் பல்லிச் சத்தம் ஒண்ணு வந்துருது," என்று சலித்துக்கொண்டு, கண்ணை மூடி மறுபடி கேட்டாள். "அதுக்குக் கீழ வேறொரு சத்தம் இருக்கும்மா. வால்வு சுருங்கியிருக்கு. மாத்தியாகணும். தீபாவளிக்கு முன்னாடி பண்ணிட்டா நல்லது."

"மாத்துனா?" என்றாள் துளசிமணி.

"மாத்துனா நல்லா இருப்பீங்க. நூறு பேருக்குப் பண்ணா ரெண்டு மூணு பேருக்குச் சிக்கலாகும், அதையும் சொல்லிடணும்."

துளசிமணியின் வலப்பக்கம் பல்லி சொன்னது. மெதுவாக, தெளிவாக, மூன்று தரம். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த நேரம் பார்த்துத் திறந்திருந்த கதவுக்கு வெளியே, நடையில், வெள்ளைத் துணி மூடிய ஒரு தள்ளுவண்டி போயிற்று; பின்னாலேயே ஒரு பெண் செருப்பில்லாமல் நடந்தாள். சென்னியப்பன் அதைப் பார்த்தான். அவன் இடது நெஞ்சு, வேன் படியில் அடித்தது போலவே, பொத்தான் ஆட ஆட அடித்தது. டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

ஊருக்குத் திரும்பினார்கள். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றியதும் துளசிமணி கேட்டாள். "உங்க பல்லிக்கு என்ற வால்வைப் பத்தி என்னங்க மாமா தெரியும்?"

"வேனைப் பத்தித் தெரிஞ்சுதல்ல?"

"வேன் டிரைவரு சாவி போடறப்பக் கை நடுங்குச்சு, நீங்க பாத்தீங்க, அப்புறம் தூக்கத்துல பொலம்புனீங்க. டயரு மொட்டையா இருந்துச்சு, நீங்க பாத்தீங்க. இருவது வருசமா வண்டியவே பாத்துட்டு நிக்கிற மனுசன், உங்க கண்ணுக்குத் தப்புமா? நீங்க பாத்துட்டு வாயத் தொறந்து சொல்லாதத அது சொல்லுச்சு. இன்னைக்கு ஆஸ்பத்திரில என்னத்தப் பாத்தீங்க? ஒரு பொணம் போறதப் பாத்தீங்க. அவ்வளவுதான்."

அவள் சொல்வது சரி என்று அவனுக்குப் பட்டது. அப்படிப் பட்டுக்கொண்டிருக்கும்போதே இடப்பக்கம் அடித்தது.

ஒரு வீட்டுக்குள் புருஷன் பல்லி ஒன்றும் பெண்டாட்டி பல்லி ஒன்றும் சொல்வது ஊருக்குப் புதிதில்லை, ஆனால் இது உயிர்க் காரியம் என்பதால் டீக்கடைக்கு வந்துவிட்டது. காதர் பாய் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "சீக்கு யாருக்கோ, அவுங்க நெஞ்சுதானப்பா சொல்லோணும்," என்றார்.

"பாய், உங்களுக்குப் பட்டாணியும் கடலையும் ஒண்ணு," என்றான் நாட்ராயன். "நான் இன்னைக்கு உங்க கடைல டீ குடிக்கிறேன்னா அந்த நெஞ்சு சொன்னதாலதான் குடிக்கிறேன். துளசியக்கா பல்லி இதுவரைக்கும் எதையாச்சும் சொல்லி நடந்திருக்குதா? மொளகாய்ப்பொடி அரைக்கலாமுன்னு சொல்லியிருக்கும்."

பூசாரி பேப்பரை மடித்தார். "அந்தம்மா பல்லி ஆசையில சொல்லுது. பொழைக்கோணுங்கற ஆசை. ஆசை சொல்றத வாக்குன்னு எடுத்துக்கப் படாது."

"அப்ப இவரு பல்லி எதுல சொல்லுதுங்க பூசாரி?" என்று காதர் பாய் கேட்டார். பூசாரி மடித்த பேப்பரை மறுபடி பிரித்தார். பெஞ்சின் ஓரத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த சென்னியப்பனுக்கு மட்டும் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தது போலிருந்தது, அதைச் சொல்ல வாய் வரவில்லை.

துளசிமணி பத்து நாள் பேசிப் பார்த்தாள். அவள் ஆஸ்பத்திரி என்று ஆரம்பித்தாலே அவன் நெஞ்சு அடித்துக்கொள்ளும், நெற்றி வேர்க்கும், கையிலிருக்கும் சோற்றைத் தட்டிலேயே உதிர்த்துவிட்டு எழுந்து போய்விடுவான். பதினொன்றாம் நாள் அவளுக்கு அவன் மேல் இரக்கம் வந்துவிட்டது. அவள் செய்த ஒரே தப்பு அதுதான். "சரி விடுங்க. மாத்திரையிலயே பாத்துக்கலாம்," என்றாள். பிறகு மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கிவிட்டுச் சிரித்தாள். "சீக்கு உங்களுக்கு, மருந்து எனக்கு."

தீபாவளி போயிற்று. ஊரில் எல்லோரும் அவள் தேறி வருவதாகச் சொன்னார்கள். சொன்ன நெஞ்சைக் கேட்டு நடந்த வீட்டில் தேறாமல் எப்படி? அவள் தலையணை இரண்டானது, மூன்றானது, பிறகு உட்கார்ந்தபடியே தூங்கினாள். சென்னியப்பன் அவளைத் தரையில் கால் வைக்க விடாமல் பார்த்துக்கொண்டான். அப்படிப் பக்கத்திலேயே இருக்க இருக்கத்தான் ஒரு விஷயம் அவனுக்குப் பிடிபட ஆரம்பித்தது. அவள் வாசற்படி ஏறினால் இடப்பக்கம் சொன்னது. அடுப்புப் பற்றவைத்தால் சொன்னது. அவள் ஈரத்தலையோடு வெயிலில் நின்றாலும், நிழலுக்கு வந்தாலும் சொன்னது. கார்த்திகையில் ஒரு மத்தியானம் டிவியில் எவனோ வேட்டி அவிழ்ந்து ஓடுவதைப் பார்த்து அவள் மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தாள். அப்போதும், அந்தச் சிரிப்புக்கும், அவன் நெஞ்சு இடப்பக்கம் அடித்தது. கையிலிருந்த சொம்பை வைத்துவிட்டு அவன் அப்படியே நின்றான். அண்ணன் வாய்க்காலில் போன நாளிலிருந்து இந்தப் பல்லிக்கு ஒரே ஒரு சொல்தான் தெரியும், அதை அது எல்லாவற்றுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது என்பது அவனுக்குப் புரிந்தது. புரிந்ததை அவன் பல்லி ஒத்துக்கொள்ளவில்லை.

மார்கழி இரண்டாம் தேதி கோயமுத்தூருக்குக் கூட்டிப் போனான். வழியெல்லாம் அடித்த நெஞ்சைக் கையால் அமுக்கிக்கொண்டு போனான். டாக்டரம்மா குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டாள், பிறகு குழாயைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"இப்ப கத்தி வெச்சா அவங்க உடம்பு தாங்காதுங்க. ரெண்டு மாசம் முன்னாடி வரச் சொன்னேனே."

அவன் தன் நெஞ்சைக் கவனித்தான். அது ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை மாதத்தில் முதல் தரமாக, துணி மாதிரி, சும்மா கிடந்தது. திரும்பி வரும் பஸ்ஸில், ஜன்னல் கம்பியில் தலை வைத்திருந்த துளசிமணியின் வலப்பக்கம் ஒரே ஒரு தரம் சத்தம் கேட்டது.

"என்ன அம்மிணி கேட்ட?"

"அடுத்த ஸ்டாப்புல எறங்கி எளநி குடிக்கலாமான்னு கேட்டேன்," என்றாள். இறங்கிக் குடித்தார்கள். அவள் வழுக்கையை அவனுக்குக் கொடுத்தாள்.

தை மாதம் முக்கால்வாசியும் இருந்தாள். கடைசி வாரத்தில் ஒரு காலை அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தவள் சுவரில் சாய்ந்தாள், கையில் பாதி உரித்த காய் இருந்தது. அவள் வாய் ஓரத்திலிருந்து இறங்கிய பல்லி, சேலை மடிப்பில் கொஞ்சம் தயங்கி நின்று, சுவரேறி, உத்தரத்து இடுக்குக்குள் போனது.

எழவுக்கு வந்த ஊர் சென்னியப்பனின் தோளைத் தொட்டுத் தொட்டு ஒன்றையே சொன்னது. "உங்க நெஞ்சு அன்னைக்கே சொல்லுச்சுங்க. பொழைக்க மாட்டாங்கன்னு சொல்லுச்சு."

"அது சொன்னதாலதான் போயிட்டா," என்றான் சென்னியப்பன். "அவ பல்லிதான் சரியாச் சொல்லுச்சு. நான்தான்..."

"துக்கத்துல பேசறாரு," என்று பூசாரி மற்றவர்களிடம் சொன்னார். "வாக்குங்கறது அப்பிடித்தான், தாங்க முடியாது." காதர் பாய் மட்டும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பீடியைப் பற்றவைத்து அவனிடம் கொடுத்தார். பீடி குடிக்காதவன் வாங்கிக் குடித்தான்.

இரண்டு தரம் சொல்லி நடந்த நெஞ்சு என்று பக்கத்து ஊர்களிலும் பேர் பரவியது. டைம் ஆபீஸ் ஜன்னலில் ஆட்கள் வந்து நின்றார்கள். அவன் வாய் திறக்க வேண்டியதில்லை. வந்தவர்கள் தங்கள் காரியத்தைச் சொல்லிவிட்டு ஜன்னல் கம்பியில் காதை வைத்தார்கள், இடப்பக்கம் அது அடிக்கும், தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பங்குனியில் வெள்ளரளிப்பாளையத்தில் நின்றுபோன கல்யாணங்கள் நாலு, வெளியூர் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்ட பையன்கள் ஏழெட்டுப் பேர், கடைக்கால் எடுத்து மூடிய வீடு ஒன்று. ஊர் அமைதியாக இருந்தது. ஒரு கெட்டதும் நடக்கவில்லை என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

சித்திரையில் ஒரு மத்தியானம், ஈரோட்டு வண்டி கிளம்பப் பத்து நிமிஷம் இருக்கும்போது, நாட்ராயன் தன் மகள் சுகந்தியைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவள் நர்சுப் படிப்பு முடித்தவள். டெல்லியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது, சாயங்காலம் ஈரோட்டில் ரயில். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் சோத்து மூட்டை.

"அண்ணா, நீங்க சொன்னா நான் தடுக்க மாட்டேன்," என்றான் நாட்ராயன்.

"என்ற நெஞ்சு போகச் சொல்லுதுங்க பெரியப்பா," என்றாள் சுகந்தி. அவள் வாயை மூடுவதற்குள் வலப்பக்கம் அது சொன்னது. புதுத் தாளை மடிப்பது போல ஒரு சின்னச் சத்தம்.

"அது பழகாத பல்லி, கண்ணு. எதுக்கும் இந்த நெஞ்சு ஒரு வார்த்தை சொல்லிரட்டும்." நாட்ராயன் ஜன்னல் கம்பியில் காதை வைத்தான்.

சென்னியப்பன் டெல்லியைப் பார்த்ததில்லை. அந்த ஆஸ்பத்திரியைப் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் இந்தப் பெண்ணின் முகம், அதில் வந்திருந்த அந்த வெளிச்சம். இடப்பக்கம் அது கால் மாற்றி உட்காருவது அவனுக்குத் தெரிந்தது, வாயைத் திறக்கப் போகிறது என்று தெரிந்தது. அதற்கு முன் அவன் வாயைத் திறந்தான்.

"எங்க துளசி அவரைக்காய்க்குத் தேங்காய் போட மாட்டா நாட்ராயா," என்றான். சத்தமாக, டிரைவரைக் கூப்பிடும் குரலில். "வேர்க்கடலையத்தான் வறுத்துக் குத்திப் போடுவா. நான் ஒரு நாளும் நல்லா இருக்குதுன்னு சொன்னதில்ல. அவளுக்குப் பாகற்காய் ஆகாது, எனக்குப் புடிக்குமுன்னு வாரம் ஒரு நாள் வெச்சுட்டு அவ மோர் ஊத்திக் குடிச்சுக்குவா. கல்யாணமான புதுசுல இந்த ஈரோட்டு வண்டில ஜன்னலோரந்தான் உக்காந்து வந்தா, வாந்தி எடுத்துட்டு என்னைப் பாத்துச் சிரிச்சா..."

"அண்ணா, ஒரு நிமிசம் சும்மா இருங்க, கேக்கோணும்."

"...சிரிச்சாளா, எனக்குக் கோவம் வந்துருச்சு. என்னடி சிரிப்புன்னேன். வாந்தி எடுத்ததுக்கு அழுகணுமுங்களான்னா. அப்பிடியேதான் கேட்டா. அவளுக்குக் கெணத்துல நீந்தத் தெரியும், எனக்குத் தெரியாது. எங்கிட்டச் சொல்லவே இல்ல, ஒரு நாள் பாத்தேன்..." சட்டை நனைந்தது, பொத்தான் ஆடியது, அவன் குரலை இன்னும் உயர்த்தினான். பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இருபது வருஷத்தில் அந்த மனிதன் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. கண்டக்டர் விசில் அடித்தார். சுகந்தி அவனைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், அப்பா இன்னும் கம்பியில் காதை அமுக்கிக்கொண்டு முகம் சுளித்து நின்றார். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினாள்.

வண்டி ஸ்டாண்டை விட்டு வெளியேறி, பெட்ரோல் பங்க் தாண்டி, மேட்டில் ஏறி இறங்கியது. நாட்ராயன், "அண்ணா, அது என்ன சொல்லுச்சு, எந்தப் பக்கம் சொல்லுச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். இடது பக்கம் அது நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தான்.